கண்ணாடியில் தெரியாத பல்லக்கா

செயற்கைப் பல் செட் செய்யும் கூடத்தில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல் மருத்துவர்கள் போன் செய்து "பல் அக்கா இருக்காங்களா?" என்று கேட்கக் கேட்க, இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு பல்லக்கா ஆகிவிட்டது. "பல்லக்குல போக வேண்டியவங்க சைக்கிள்ல போறாங்களே" என்று பிற்பாடு ஒரு கேலியும் கிளம்பியது. அந்தக் கேலியை அதிகம் சொன்னவர் அவரேதான்.

கூடம் இரண்டாவது மாடியில், வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல் வைத்த அறை. பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் சரியாகப் பொருத்த முடியும் என்பதால் ஜன்னலோர மேசை அவருக்கு. கிளினிக்குகளிலிருந்து வரும் அச்சுகளில் பிளாஸ்டரை ஊற்றி, அது இறுகியதும் மெழுகில் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு வைப்பார். யாரென்றே தெரியாதவர்களின் வாயோடு இருபத்திரண்டு வருஷம் பேசிக்கொண்டிருந்தவர். "இவருக்கு வெத்துச் சிரிப்பு அதிகம், முன்பல்லைக் கொஞ்சம் உள்ள தள்ளுவோம்" என்பார். சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அவருடைய கணவருக்கும் பிளாஸ்டர்தான் பிழைப்பு. பெரிய ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில் மாவுக்கட்டுப் போடுபவர். சாயங்காலம் இருவரும் வீடு திரும்பினால் இருவர் நகக்கண்ணிலும் வெள்ளை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கை கழுவும் தொட்டி அடைத்துக்கொள்ளும். "இது உங்க மாவு" என்பார் மனைவி. "என் மாவு இவ்வளவு நைஸா இருக்காது, இது உன் பல்லு மாவு" என்பார் கணவர். வழக்கு முடிவதற்குள் குழாய்க்காரர் வந்து சரிசெய்துவிட்டுப் போய்விடுவார்.

பல்லக்காவுக்கு நாற்பத்தாறு வயதானபோது கூடத்திலிருந்து பல் செட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நகரத்தின் நாலா பக்கமும் பதினோரு கிளினிக்குகள். செய்தவரே நேரில் போனால் இன்னொரு நன்மையும் இருந்தது: வாயில் வைத்துப் பார்க்கும்போது எங்காவது மயிரிழை அளவு உறுத்தினால் அங்கேயே ராவிக் கொடுத்துவிடலாம். "நானே போறேன்" என்று சொல்லிவிட்டார். முதல் வாரம் பஸ்ஸில் போனார். மூன்று கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிஷம். இரண்டாவது வாரம், வெளியூர் வேலைக்குப் போன மகள் மாடிப்படிக்குக் கீழே விட்டுப்போன சைக்கிளைத் துடைத்து எடுத்தார். பள்ளிக்கூட வயதில் ஓட்டியது. முப்பது வருஷம் கழித்து ஏறினாலும் கால் மறக்கவில்லை. சாலைதான் அவர் ஞாபகத்தில் இருந்த சாலையாக இல்லை.

வீட்டில் எதிர்ப்பு கிளம்பியது. மாவுக்கட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் அன்றைய கணக்கை வாசித்தார்.

"இன்னைக்கு மட்டும் மூணு கை, ரெண்டு கால், ஒரு தோள்பட்டை."

"அதுல சைக்கிள்காரங்க எத்தனை பேரு?"

"தோள்பட்டை."

"மத்தவங்க?"

"ரெண்டு பேரு குளியலறையில வழுக்கி விழுந்தவங்க. ஒருத்தரு நாற்காலி மேல ஏறி ஒட்டடை அடிச்சவரு..."

"அப்ப குளிக்கறதையும் ஒட்டடை அடிக்கறதையும் விட்டுடலாம். வீடு நாறட்டும்."

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எதிர்ப்பில் பழைய சூடு இல்லை. "சரி, போ. ஆனா ஓரமா போ" என்றார். கூடத்தில் இருந்தவர்களும் மருத்துவர்களும் தெருமுனைப் பூட்டுக் கடைக்காரரும் அதையேதான் சொன்னார்கள். ஓரமா போங்க, ஓரமா போங்க.

பல்லக்கா ஓரமாகப் போனார். பெடல் நடைபாதைக் கல்லில் உரசும் அளவுக்கு ஓரம். சாலையிலிருந்து ஒதுங்கிய மணலும் கண்ணாடிச் சில்லும் சாக்கடை மூடியும் அவர் பாதையில்தான் கிடந்தன. ஒரு மாதம் ஆகும் முன்பே, நிறுத்தியிருந்த ஒரு காரின் கதவு படாரென்று திறந்தது. முழங்கை சிராய்த்தது, அதோடு போயிற்று. அன்றிலிருந்து நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே ஓட்டினார். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்தார்கள். முதலில் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. பிறகு யோசித்துப் பார்த்தார்.

"ஹார்ன் அடிக்கறான்னா என்னைப் பாத்துட்டான்னு அர்த்தம். அடிக்காம வர்றவனுக்குத்தான் நாம பயப்படணும்" என்று கூடத்தில் சொன்னார்.

இரண்டாவது வருஷம் ஒரு காலைப் பொழுது. நான்கு சாலைகள் கூடும் சிக்னலில் சிவப்பு விளக்கு. முன்னால் ஜல்லி ஏற்றிய ஒரு லாரி நின்றது. அதற்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. எல்லா சைக்கிள்காரர்களையும் போல அவரும் அதில் புகுந்து முன்னேறி, லாரியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், நடைபாதைக் கல்லில் ஒரு காலை ஊன்றி நின்றார். தலையில் ஹெல்மெட். உடம்பில் பளபளக்கும் பட்டை வைத்த மஞ்சள் சட்டை. காலையில்தான் பிரேக்கை அழுத்திப் பார்த்திருந்தார். தன்னிடம் எந்தக் குறையும் இல்லை என்ற நிம்மதியோடுதான் நின்றிருந்தார்.

பச்சை விழுந்தது. லாரி முதலில் லேசாக வலப்பக்கம் சாய்ந்து நகர்ந்தது. நேராகத்தான் போகப்போகிறது என்று பல்லக்காவும் பெடலை மிதித்தார். அடுத்த நொடி அது இடப்பக்கம் திரும்பியது. சுவர் ஒன்று நடந்து வருவதுபோல அதன் பக்கவாட்டு நெருங்கி வந்தது. கத்தக்கூடத் தோன்றவில்லை. சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு நடைபாதைமேல் தாவி விழுந்தார். லாரியின் பின்சக்கரம் சைக்கிளின் பின்சக்கரத்தில் ஏறி இறங்கியது. காய்ந்த கிளைகளை ஒன்றாகக் கட்டி முறித்ததுபோல ஒரு சத்தம்.

கூட்டம் கூடிவிட்டது. கூடையிலிருந்த பெட்டி திறந்து, மேல்தாடைப் பல் செட் ஒன்று சாலை நடுவில் இளித்துக்கொண்டு கிடந்தது.

"ஐயோ, பல்லெல்லாம் கொட்டிப் போச்சே!" என்று ஒரு பெண்மணி தலையில் கைவைத்துக்கொண்டார்.

லாரியிலிருந்து இறங்கி ஓடிவந்த டிரைவர் அந்தப் பல்லைப் பார்த்தார். அங்கேயே சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

பல்லக்கா எழுந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாயைத் திறந்து காட்டினார். "இது என் பல்லு இல்லீங்க. என் பல்லு இங்கதான் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும்.  நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று வந்த பல்லக்கா, தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சத்தியமா பாக்கலக்கா. ரெண்டு கண்ணாடியையும் பாத்துட்டுத்தான் திருப்பினேன்."

"மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு உங்க பக்கத்துலயே நின்னேனே தம்பி. எப்படித் தெரியாம போகும்?"

"பக்கத்துல நின்னதாலதாங்க்கா தெரியல."

"நம்பற மாதிரி இல்லையே."

டிரைவர் தண்ணீரைக் குடித்தார். "ஞாயித்துக்கிழமை லாரி நிறுத்தற யார்டுக்கு வாங்க. என் சீட்டுல உக்காந்து பாருங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

 வீட்டில் மாவுக்கட்டுக்காரர் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து மணிக்கட்டு, காறை எலும்பு, கணுக்கால் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "இங்க வலிக்குதா? இங்க?" எங்கும் விரிசல் இல்லை. கடைசியில்தான் சொன்னார்.

"சைக்கிள் போச்சுல்ல. அதோட விட்டுடு."

"விடறதா வேணாமான்னு ஞாயித்துக்கிழமை பாத்துட்டு வந்து சொல்றேன். நீங்களும் வாங்க."

லாரி யார்டு நகரத்தின் கடைசியில், தகர வேலிக்குள் இருந்தது. டிரைவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். இரும்புப் படியில் கால்வைத்து ஏறி சீட்டில் உட்கார்ந்ததும் பல்லக்காவுக்கு மாடி முகப்பிலிருந்து தெருவைப் பார்ப்பதுபோல இருந்தது. மாவுக்கட்டுக்காரர் கீழே, அன்று மனைவி நின்ற அதே இடத்தில் போய் நின்றார்.

"தெரியறேனா?"

பல்லக்கா ஒரு கண்ணாடியைப் பார்த்தார். மறு கண்ணாடியைப் பார்த்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்தார். எங்கும் ஆளைக் காணோம்.

"குரல் மட்டும்தான் வருது!"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தானே!"

டிரைவர் அப்போதுதான் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு இடம் மாறினார்கள். கணவர் மேலே ஏறினார். பல்லக்கா மஞ்சள் சட்டையோடு கீழே போய் நின்று கையை ஆட்டினார். "ஏங்க, தெரியறேனா?" பதில் இல்லை. "ஏங்க!" அப்போதும் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் இறங்கி வந்தார். 

"நீ இல்லவே இல்ல. கத்தற, எனக்குக் காதுல விழுது. ஆனா அங்க நீ இல்ல."

அவர் அப்படிப் பேசி மனைவி கேட்டதில்லை.  பிறகு அவரே டிரைவரிடம் கேட்டார்.

"தம்பி, சுண்ணாம்புத் தூள் ஏதாவது கிடைக்குமா?"

ஒரு வாளி நிறையக் கிடைத்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து "இப்ப தெரியுது, இப்ப தெரியல" என்று சொல்லச்சொல்ல, மாவுக்கட்டுக்காரர் லாரியைச் சுற்றி அடி அடியாக நகர்ந்து, தான் மறையும் எல்லையில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மூக்குக்கு முன்னால் ஒரு பட்டை. இடப்பக்கம் நெடுக ஒரு பெரிய வயிறு. பின்னால் வாலைப் போல ஒன்று. முடிந்தபோது பல்லக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"இந்த இடத்துல ஒரு வீடே கட்டலாம் போலிருக்கே!"

டிரைவரும் இறங்கி வந்து பார்த்தார். தெரியாத இடம் உண்டென்று அவருக்குத் தெரியும், இவ்வளவு என்று தெரியாது. யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

"ஏங்க்கா, நீங்கல்லாம் எதுக்கு இந்தச் சந்துலயே வந்து நிக்கறீங்க?"

"ஓரமா போகச் சொன்னாங்க தம்பி."

மாவுக்கட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தான் சொன்னேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில் அவர் சைக்கிளை விடச் சொல்லவில்லை. சக்கரம் மாற்றுபவரின் கடை எங்கே என்று கேட்டார்.

பின்சக்கரம் மாறியதோடு பல்லக்கா ஓட்டும் விதமும் மாறியது. சிக்னலில் பெரிய வண்டி நின்றால் அதன் பக்கவாட்டில் நுழைவதே இல்லை. பின்னால், நன்றாகத் தள்ளி, பாதையின் நடுவில் நிற்பார். இடம் இருந்து முன்னால் நிற்க நேர்ந்தால், திரும்பி டிரைவரின் முகத்தைப் பார்க்க முடிகிறவரை தள்ளிப் போய்விடுவார். "அவரு முகம் எனக்குத் தெரிஞ்சாத்தான் என் முகம் அவருக்குத் தெரியும்" என்பது அவர் கண்ட அளவுகோல். பச்சை விழுந்ததும் லாரி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகுதான் மிதிப்பார். மருத்துவர்களிடம் முன்கூட்டியே சொல்லியும் விட்டார்.

"பல்லு ரெண்டு நிமிஷம் தாமதமா வரும் டாக்டர். ஆனா நான் முழுசா வருவேன்."

போகிற கிளினிக்கில் எல்லாம் சுண்ணாம்புக் கோட்டுக் கதையைச் சொன்னார். ஒரு கிளினிக்கின் உதவியாளர் பெண்ணும் சைக்கிள்காரர். "எனக்கும் பாக்கணும்க்கா" என்றார். அவர் தன் தோழிகள் இருவரை அழைத்து வந்தார். அடுத்த மாதம் ஒரு தபால்காரரும் பேப்பர் போடுகிற நான்கு பேரும் வந்தார்கள். யார்டு மேற்பார்வையாளர் முதலில் முறுக்கிக்கொண்டார். "இது லாரி யார்டா, பொருட்காட்சியா?" பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு காலையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தானும் வேடிக்கை பார்த்தார்.

யாரும் எதிர்பாராத விஷயம், மாவுக்கட்டுக்காரர் அங்கே வாத்தியாராகிவிட்டது. வாளியும் கையுமாக நின்று கோடு போடுவார். "எனக்கு ஆஸ்பத்திரியில வேலை ஜாஸ்தி. அதைக் குறைக்கத்தான் இங்க வர்றேன், ஒத்துழைப்புக் குடுங்க" என்று தொடங்குவார். சைக்கிள்காரர்களை லாரியில் ஏற்றியதோடு நிற்காமல், லாரி டிரைவர்களையும் சைக்கிளில் ஏற்றினார். பக்கத்தில் ஒரு லாரியை, ஆள் நடக்கிற வேகத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஓட்டச் சொன்னார். இருபது வருஷம் லாரி ஓட்டிய மீசைக்காரர் ஒருவர் பத்தடி போனதும் சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

"இத்தனை நாள் இவ்வளவு கிட்டத்துலயா நான் தாண்டிப் போனேன்?" என்றார். அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் நடந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. சாலைகளில் நெரிசல் குறையவில்லை. பல்லக்காவின் கிளினிக்குகள் பதினான்கு ஆகிவிட்டன. மழை நாளில், சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகள் வழுக்கும் பெரிய ரவுண்டானாவில், கௌரவம் பார்க்காமல் இறங்கி நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்.

இரண்டு வருஷம் முன்பு, யார்டில் எல்லோரும் கிளம்பிப் போன ஒரு ஞாயிறு மதியம், மாவுக்கட்டுக்காரர் யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு சைக்கிளில் ஏறினார். அந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொண்டார். இப்போது விடுமுறை நாட்களில் இருவரும் ஆற்றுப் பாலம் வரை போய் வருகிறார்கள். மாவுக்கட்டுக்காரர் சிக்னலில் விடும் இடைவெளியில் ஒரு வேன் தாராளமாக நுழைந்துகொள்ளும். புறாக்களுக்கும் மணி அடிப்பார். பாலத்தின் ஏற்றத்தில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார்.

பல்லக்கா உச்சியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, காற்று வாங்கிக்கொண்டு நிற்பார். கணவர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து சேர்ந்ததுமே "போலாமா?" என்று கேட்பார்.

"இருங்க, என்ன அவசரம்? தண்ணி எவ்வளவு போகுது பாருங்க" என்பார் பல்லக்கா.