யாராவது முழித்திருக்க வேண்டும்

வகுப்பு தொடங்கும் முன் ஐந்து நிமிடம் மாணவர்களைக் கண் மூடி மூச்சைக் கவனிக்க வைக்க வேண்டும் என்று கல்லூரியில் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. திருவொற்றியூரில் வேதியியல் நடத்துகிறேன். பாடத்தை முடிக்கவே நாக்குத் தள்ளுகிறது, இது வேறா?

பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஏசி அறை, மெத்தென்ற விரிப்பு. "ஆசிரியரும் கூடவே கண்ணை மூடணும், அப்பதான் பிள்ளைங்க நம்புவாங்க" என்றார் பயிற்சி கொடுத்தவர். நான் மூடினேன், நன்றாகத் தூங்கியும் விட்டேன். ஆனால் அன்று மாலை வீட்டில் யார் மேலும் எரிந்து விழவில்லை. "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று என் மகன் கேட்டான். சரி, இதில் ஏதோ இருக்கிறது என்று வகுப்பில் ஆரம்பித்தேன்.

எங்கள் ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க ஹார்ன் அடித்தபடி ஊர்ந்துகொண்டிருக்கும். "சத்தத்தோட சண்டை போடாதீங்க, மூச்சைப் பாருங்க" என்பேன். "மூச்சு எங்க மிஸ் தெரியுது, லாரிதான் கீது" என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வரும். போகப்போக அடங்கினார்கள். எனக்கே பிடித்துப்போனது.

ஒருத்தி மட்டும் கண்ணை மூடவில்லை. எண்ணூரிலிருந்து வருகிறவள். நான் திருட்டுத்தனமாக ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அவள் வாசலையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்து நிமிடம் முடிந்து நான் சாக்பீஸை எடுத்ததும் தூங்கி விழுவாள், நான் அதட்டி எழுப்புவேன். என் பாடம் அவ்வளவு பெரிய தாலாட்டா என்று எனக்குச் சுருக்கென்று இருந்தது.

தூக்கம் வகுப்போடு நிற்கவில்லை. ஆய்வகத்தில் அமிலம் அளந்துகொண்டிருந்தவள் நின்றபடியே கண்ணயர்ந்து குடுவையைக் கீழே போட்டுவிட்டாள். நல்லவேளை, யார் மேலும் படவில்லை. இன்னொரு தடவை ஆய்வகத்தில் தூங்கினால் செய்முறைத் தேர்வுக்கு விடமாட்டேன் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். அப்படியானால் ஒரு வருடம் போச்சு.

கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்மா, கண்ணை மூடச் சொன்னா முழிக்கிற, பாடம் நடத்தினா தூங்குற. என்னை வம்புக்கு இழுக்குறியா?"

அவள் கொஞ்சமும் அசரவில்லை. "பாடம் நடத்தசொல்ல நீங்க முழிச்சிகினு கீறீங்க மிஸ். கண்ண மூடசொல்ல அல்லாரும் மூடிக்கிறீங்க, நீங்களுந்தான். கேஸ் வந்தா யாரு பாக்குறது?"

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. எப்போதோ ஒரு இரவு பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வாயு கசிந்து அவர்கள் தெருவே மூச்சுத் திணறி ஓடியிருக்கிறது. அதிலிருந்து அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இரவில் விழித்திருக்கிறார்கள். வாடை வந்தால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, தட்டைத் தட்டித் தெருவை எழுப்ப வேண்டும். அப்பா கடலுக்குப் போய்விடுவார், அம்மாவுக்கு வீசிங். விடியும்வரை இவள் முறை.

"ஒரே நேரத்துல அல்லாரும் கண்ண மூடுனா, நானாச்சும் வாசலப் பாக்கணும்ல மிஸ்" என்றாள்.

எனக்குக் கோபம் பொங்கியது, அவள் மேல் இல்லை. ஒருவர் தூங்க இன்னொருவர் காவல் இருக்க வேண்டிய ஊருக்கு, ஏசி அறைப் பயிற்சியை அப்படியே கொண்டுவந்து இறக்கியிருக்கிறோமே என்று.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். "இனிமே நான் கண்ணை மூடமாட்டேன். வாசல், ஜன்னல், காத்து எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். நீங்க மூடுங்க."

பயிற்சி கொடுத்தவர் கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார். அவளோ அன்றும் மூடவில்லை, என்னையே பார்த்தாள். நான் உண்மையாகவே பார்க்கிறேனா, ஒப்புக்குச் சொல்கிறேனா என்று சோதித்தாள் போலிருக்கிறது. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு தினமும் அங்கேயே உட்கார்ந்தேன். ஒரு நாள் மூடினாள். மூடியதும் தூங்கிப்போனாள். நான் எழுப்பவில்லை, குரலைத் தாழ்த்திப் பாடம் நடத்தினேன். விட்டுப்போனதைப் பக்கத்தில் இருப்பவள் பிறகு சொல்லிக்கொடுத்தாள். தினமும் அந்த முதல் வகுப்பில் தடையில்லாமல் தூங்கியதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஆய்வகத்தில் அதன்பின் அவள் கண்ணயரவில்லை. தேர்வுக்கும் விட்டார்கள்.

தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை, கண்மூடல் நடந்துகொண்டிருக்கும்போதே காற்று திரும்பி லேசாக அந்த வாடை வந்தது. எழுந்து ஜன்னல்களை அடித்துச் சாத்தினேன். சத்தத்தில் வகுப்பே எழுந்து பையைத் தூக்கிக்கொண்டது. அவள் மட்டும் எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது.

"காத்து மாறிச்சா மிஸ்?" என்று துப்பட்டாவை நனைக்கத் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள்.

"லேசாத்தான். ஜன்னலைச் சாத்திட்டேன். நான் பாத்துகிட்டுதான் இருக்கேன்."

"அப்ப செரி" என்று மறுபடியும் பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.