ஒரு பக்கம் தாழ்ந்த படகு

போன கார்த்திகை மாதம் நடந்தது இது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையில், ஊர் முடிந்து தோப்புகள் தொடங்கும் இடத்தில் ஒரு வீடு. அந்த வீட்டு வாசலை நினைத்தால் இன்றும் என் முகம் சூடாகிவிடும்.

நான் ராஜபாளையத்தில் ஒரு டூ வீலர் கடையில் வேலை பார்க்கிறேன். பழைய ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்க வருகிறவர்களின் வண்டியைப் பார்த்து, அது எவ்வளவு தேறும் என்று சொல்வதுதான் என் வேலை. கம்பெனி பெயிண்டா, மறுபடி அடித்ததா, எந்த இடத்தைத் தட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள், எந்தப் பாகம் வண்டியோடு வந்தது, எது பிறகு மாட்டியது என்று ஒன்றுவிடாமல் பார்த்துவிடுவேன். வண்டிக்காரர் "ஒரு தடவைகூட கீழ போட்டதில்லம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் என் விரல் அடியில் நசுங்கிய சொட்டையைத் தடவிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இந்த வேலையில் இருப்பது அபூர்வம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எதையும் சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டேன். மெதுவாகச் சொன்னால் ஆண்கள் காதில் வாங்குவதில்லை.

என் தம்பி மம்சாபுரத்தில் இருக்கிறான். கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தான். தெர்மாகோல் அட்டைகளைச் சாக்கில் கட்டித் தெப்பம் மாதிரி செய்து, அதில் உட்கார்ந்துதான் வலை போடப் போவான். அப்போது நல்ல மழை, கண்மாய் நிறைந்து கிடந்தது. ஒருநாள் நடுத்தண்ணீரில் தெப்பம் பிய்ந்து, வலை காலில் சுற்றி, எப்படியோ பிழைத்துக் கரையேறினான். அதற்குப் பிறகு அம்மா ஒரே பிடிவாதமாக இருந்தாள். படகு வாங்கு, இல்லையென்றால் குத்தகையை விடு என்று.

புதுப்படகு வாங்க அவனுக்கு வசதியில்லை. விசாரித்ததில் இந்த வீட்டில் ஒரு பழைய பைபர் படகு விலைக்கு இருப்பது தெரிந்தது. போனில் பேசிவிட்டு என்னிடம் வந்தான்.

"நீதான்க்கா வந்து பாக்கணும். வண்டி பாக்குற கண்ணுதான, போட்டையும் பாத்துச் சொல்லு."

எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. போனில் சில வீடியோக்கள் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும், நல்ல இடம் கணீரென்று கேட்கும், கெட்டுப்போன இடம் மந்தமாகக் கேட்கும். அச்சில் வார்த்த பகுதி கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், பிறகு ஒட்டிய பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும். இவ்வளவுதானே, ஸ்கூட்டர் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தம்பியோடு கிளம்பினேன். படகு வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு முருங்கை மரத்தடியில் பனங்கட்டைகள்மேல் இருந்தது. அந்த வீட்டு அம்மா எங்களை வரவேற்றார். ஐம்பது வயது இருக்கும். பேச்சு குறைவு.

"அவிய உள்ள இருக்காவ. வெளிய வர செத்த நேரமாகும். நீங்க பாத்துக்கிட்டு இருங்க" என்று தன் கணவரைப் பற்றிச் சொன்னார்.

விற்கிறவர் வெளியே வரத் தயங்கினால் வண்டியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது அப்படி. சரி, ஏதோ மறைக்கிறார்கள் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன்.

படகின் அடியைப் பார்க்க நான் குனிந்ததும் அந்த அம்மா ஓடிப்போய்ச் சாக்கு எடுத்துவந்து விரித்தார். இருட்டாக இருக்கிறது என்றேன். தன் போனில் டார்ச்சைப் போட்டு, நான் கைகாட்டிய இடத்துக்கெல்லாம் வெளிச்சம் பிடித்தார். தூசியாக இருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தும் கொடுத்தார்.

நான் பார்க்க ஆரம்பித்தேன். மேலே நீலப் பெயிண்ட், சுரண்டினால் உள்ளே வெள்ளை. கம்பெனித் தகடு இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகளை அடைத்திருந்தார்கள். வலது பக்கச் சுவர் ஓரிடத்தில் ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்குத் தாழ்ந்திருந்தது. யாரோ அறுத்து எடுத்து, வெட்டிய விளிம்பில் பிசினையும் பைபர் துணியையும் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தார்கள். உட்காரும் பலகை நடுவில் இல்லை, ஓரமாக நகர்த்தியிருந்தது. உள்தரையைத் தட்டினால் எல்லா இடத்திலும் டொக் டொக் என்று மந்தமான சத்தம். தரைக்குமேல் இன்னொரு தரை போட்டு, நடுவில் எதையோ அடைத்திருந்தார்கள்.

ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தபோது தம்பியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். இது எங்கேயோ பாறையில் மோதிய படகு, உடைந்த பக்கத்தை அறுத்து எறிந்திருக்கிறார்கள், அடி ஓட்டை, அதை மறைக்கத்தான் மேலே தரை போட்டிருக்கிறார்கள் என்று. அக்கம்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பெண்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெண் படகுக்கு அடியில் படுத்துக்கொண்டு இவ்வளவு விவரம் பேசுவது அவர்களுக்கு ஆச்சரியம். அவர்கள் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் வேகம் வந்தது.

"யாருக்கா இத ஒட்டுனது? சாணி அப்புன மாதிரில இருக்கு" என்றேன்.

"தெரிஞ்ச ஆளுதான்" என்றார் அந்த அம்மா. டார்ச்சை இறக்கவில்லை.

கடைசியில் எழுந்து கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு ஒன்று சொன்னேன். எங்கள் கடையில் விபத்தில் அடிபட்டு ஒரு பக்கம் கோணிப்போன வண்டியை ஊன வண்டி என்போம். பல வருடங்களாக வாயில் புழங்கும் சொல். அது என்ன சொல் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"இது ஊனமான போட்டுக்கா. ஊனத்த மறைச்சு பெயிண்ட அடிச்சு வச்சிருக்கிய. இத வச்சு என்ன செய்ய? யாரு வாங்குவா?"

டார்ச் வெளிச்சம் அசைந்தது. வேடிக்கை பார்த்த பெண்களில் ஒருத்தி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எதுவும் புரியவில்லை.

உள்ளேயிருந்து ஒரு குரல் நிதானமாக வந்தது. "ஏட்டி, நாக்காலி எடுத்துப் போடு. அவிய நின்னுக்கிட்டேல பேசுதாவ."

பிறகு அவர் வெளியே வந்தார். இரண்டு கைகளிலும் ரப்பர் செருப்பை மாட்டி, தரையில் ஊன்றி ஊன்றி வந்தார். கால்கள் இரண்டும் சிறுவயதிலேயே சூம்பிப்போனவை. வெள்ளைச் சட்டை, தலை வாரி, திருநீறு இட்டிருந்தார். படகு பார்க்க ஆள் வருகிறார்கள் என்று குளித்துக் கிளம்பியிருக்கிறார். அதற்குத்தான் அந்தச் செத்த நேரம்.

நான் பேசிய எல்லாவற்றையும் அவர் உள்ளே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

"நீங்க சொன்னது பூராம் சரிதாம்மா" என்றார். முகத்தில் கோபமே இல்லை. "கம்பெனியில இருந்து வந்த மாதிரி இதுல பாதிகூட கெடையாது. மாத்துனதையெல்லாம் தம்பிகிட்ட போன்லயே சொல்லிட்டேனே."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

அவர் படகுக்குப் பக்கத்தில் போனார். வீட்டுச் சுவரில் ஒரு பலகை சாய்ந்திருந்தது. அலமாரிப் பலகை என்று நினைத்து நான் அதைத் தொடக்கூட இல்லை. "நான் ஏறத்தாம்மா இந்தப் பக்கத்த அறுத்தது. ஏறி உக்காந்த பொறவு இந்தப் பலகைய எறக்கிக் கொக்கி போட்டா தண்ணி உள்ள வராது. தரைக்கு அடியில இருக்கது தெர்மாகோலு. கவுந்தாலும் முங்காது. நமக்குக் கால ஒதைச்சு நீந்த முடியாதுல்லா, போட்டாவது மெதக்கணுமே."

பிறகு அந்த அம்மாவைக் காட்டினார். "எல்லா வேலையும் இவதான் பாத்தா. பைபர் தொட்டி ஒட்டுற ஆளுகிட்டப் போயிக் கேட்டுக்கிட்டு வந்து, தானே அறுத்து தானே ஒட்டுனா. கையெல்லாம் பைபர் தூசி ஏறி அரிப்பெடுத்து, சோறு பெசைய முடியாமக் கெடந்தா."

சாணி அப்பிய மாதிரி. அந்தக் கைதான் எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தது.

அவர் அதோடு விடவில்லை. படகு எப்படி வேலை செய்யும் என்று நாங்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். தாழ்ந்த விளிம்பில் கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரு சுழற்சியில் உள்ளே போய் அந்த ஓரப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். நான் படியேறும் நேரம்கூட ஆகவில்லை. பலகையைச் செருகிக் கொக்கியை மாட்டினார். அந்தப் படகில் அவர் உட்கார்ந்திருந்தபோது, என்னைப் போல, தம்பியைப் போல ஒரு மனிதர் படகில் உட்கார்ந்திருப்பதாக மட்டும்தான் தெரிந்தது.

தோள்மூட்டு தேய்ந்துவிட்டது, இனித் துடுப்புப் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இல்லையென்றால் விற்க மாட்டேன் என்றார். "தம்பி கண்மாயில ஓட்டத்தான கேக்காரு. வெலையப் பாத்துக் குடுத்துட்டு எடுத்துக்கிடட்டும்" என்றார்.

அப்போதுதான் அந்த அம்மா பேசினார். "இல்ல. இவியளுக்கு வேண்டாம்."

"ஏட்டி, வந்தவங்கள..." என்று அவர் தொடங்கினார்.

"வேண்டாம்னு சொல்லிட்டேன்." டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாரோம் என்றுகூடச் சொல்லாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

வழியில் தம்பியை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். ஏன் மறைத்தாய் என்று. "ஆளு நடக்க முடியாதவருன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. மாத்துனது மட்டுந்தான் சொன்னாரு. அத நீயே கண்டுபிடிச்சுக் கொறை சொன்னா வெலை எறங்கும்னு நெனச்சேன்" என்றான். அவனைத் திட்ட நினைத்தேன். ஆனால் அவன் மறைத்தது படகைப் பற்றி. அந்தச் சொல்லை அவன் சொல்லவில்லை, நான் சொன்னேன்.

அடுத்து வந்த நாட்களில் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. யாரோ ஒரு வண்டியைக் காட்டி வழக்கம்போல அந்தச் சொல்லைச் சொன்னபோது, "அப்படிச் சொல்லாதே" என்று கத்திவிட்டேன். எல்லாரும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

கடைசியில் ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு, தனியாக அந்த வீட்டுக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்து, நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முருங்கை மரத்தடியில் பனங்கட்டைகள் மட்டும் கிடந்தன. கூமாப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

அவர் வீட்டில் இல்லை. மூன்று சக்கர வண்டியில் டீக்கடைக்குப் போயிருந்தார். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அக்கா, அன்னைக்கு உங்க வேலையப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன்.

"வேலையச் சொன்னதுல எனக்கு ஒண்ணுமில்ல. அது அழகா இல்லன்னு எனக்கே தெரியும்." பனங்கட்டைகளைப் பார்த்தார். "அந்த வார்த்தைய அவிய சின்னப்பிள்ளையில இருந்து கேட்டாவ. பள்ளிக்கூடத்துல, பஸ்ஸுல, கல்யாண வீட்டுல. நான் வந்த பொறவு எங்க வீட்டு வாசல்ல ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்கதான் மொத ஆளு."

அவர் வரும்வரை இருந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். அழுதுவிடுவேன் போலிருந்தது.

"வேண்டாம்மா" என்றார். குரலில் வெறுப்பு இல்லை, களைப்புதான் இருந்தது. "அவிய மறந்திருந்தா திரும்ப ஞாவகப்படுத்துன மாதிரி ஆயிரும். மறக்கலன்னா, பரவாயில்லம்மான்னு சொல்லுவாவ. உங்களுக்கு மனசு லேசாயிரும். அந்தப் பரவாயில்லைய எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி அவியளுக்கு அலுத்துப்போச்சு. ஒரு தடவையாவது சொல்லாம இருக்கட்டும்."

செம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பும் வழியில், டீக்கடை வாசலில் அந்த மூன்று சக்கர வண்டியைப் பார்த்தேன். அவர் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தவில்லை.

தம்பி பிறகு வேறொரு படகு வாங்கினான். அதைப் பார்க்க என்னைக் கூப்பிட்டான், நான் போகவில்லை. கேட்காமல் போன அந்த மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது. என் மனம் லேசாவதற்காக அதைக் கொண்டுபோய் அவர்முன் நிற்காமல் இருப்பது ஒன்றுதான் அவருக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை என்று இப்போது நினைக்கிறேன்.