சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கினேன்

நைனா இறந்துபோனதை அண்ணன் விடியற்காலையில் மஸ்கட்டுக்குப் போன் செய்து சொன்னான். நான் அங்கே ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். வேலைக்குக் கிளம்ப யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"நைனா பூட்டாரு பாப்பா. தூக்கத்துலயே. அம்மா எழுப்பினா எந்திரிக்கல."

நான் யூனிஃபார்மின் கடைசிப் பொத்தானைப் போட்டேன். அவன்தான் மறுபடி ஆரம்பித்தான்.

"காலேஜுக்குப் போன் பண்ணிட்டேன். இன்னிக்கு சாயங்காலம் நாலரைக்குள்ள கொண்டாந்துடச் சொன்னாங்க. நாளிக்கி தீபாவளி லீவு. நீ வந்துருவியா?"

காலேஜ் என்று அவன் சொன்னது செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியை. நைனா தன் உடம்பை அங்கே எழுதிக் கொடுத்திருந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகாமல் மின்வாரியத்தில் வயர்மேன் ஆனவர் அவர். நான் மூன்றாவது படிக்கும்போது கம்பத்தில் ஷாக் அடித்து விழுந்தார். இரண்டு மாதம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் படிக்கிற பிள்ளைகள்தான் வந்து காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள். அதில் ஒரு பெண் கட்டு மாற்றும்போது அவரைவிட அதிகமாக அழுவாள் என்று சொல்லிச் சிரிப்பார். "அதுங்க படிக்கறதுக்கு ஒடம்பு வேணும்ல. எரிச்சி இன்னா ஆவப்போவுது" என்பார். ஐந்து வருடம் முன்பு நான் லீவில் வந்திருந்தபோது விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பூர்த்தி செய்தது நான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தி நான். அம்மா அன்று எங்கள் இருவருக்கும் சோறு போடவில்லை.

காலையிலேயே கிளம்பும் விமானத்தில் ஒரு இடம் கிடைத்தது. கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். விமானம் ஏறுமுன் அண்ணன் கடைசியாகப் பேசினான்.

"வூட்டுக்கு வராத. நாங்க ரெண்டரைக்குக் கெளம்பிடுவோம். நீ நேரா காலேஜுக்கு வந்துடு. டாக்ஸி எடுக்காத பாப்பா, ஊருக்குப் போற கூட்டத்துல ஜிஎஸ்டி ரோடு தாம்பரத்துலேர்ந்தே நின்னுகினு கீதாம். திருசூலத்துல எலக்ட்ரிக் ட்ரெயின் புடி. ஒரு மணி நேரந்தான்."

விமானம் சரியான நேரத்துக்கு இறங்கியது. இமிகிரேஷன் வரிசை நீளம். எனக்கு முன்னால் நின்ற குடும்பத்தில் ஒரு குழந்தை மத்தாப்பு வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தது. வெளியே வரும்போது மூன்று ஆகப் பத்து நிமிடம். என் பழைய இந்திய சிம் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருந்தது. மஸ்கட் நம்பர் இங்கே எடுக்கவில்லை. சுரங்கப்பாதையில் ஓடி, எதிரே இருக்கும் திருசூலம் ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்தேன். முதலில் வந்தது தாம்பரம் வரை மட்டும் போகும் வண்டி. அதில் ஏறித் தாம்பரத்தில் மாறினேன். செங்கல்பட்டு வண்டியில் லேடீஸ் பெட்டிக்குள் நுழையவே இரண்டு பேர் கை கொடுத்து இழுக்க வேண்டியிருந்தது. புதுத்துணிப் பைகள், ஸ்வீட் டப்பாக்கள், மல்லிகைப்பூ வாசனை. நான் மட்டும் கிளினிக் யூனிஃபார்மில் இருந்தேன். மாற்ற வேண்டும் என்றே தோன்றியிருக்கவில்லை.

பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பரனூரில் ஏதோ கம்பெனியில் மாலை ஷிஃப்டுக்குப் போகிறாள். கழுத்தில் அடையாள அட்டை. ஒரு போன் செய்ய வேண்டும் என்றேன். காரணம் கேட்காமல் கொடுத்தாள்.

"திருக்கழுக்குன்றம் தாண்டிட்டோம்" என்றான் அண்ணன். "நீ எங்க கீற?"

"தாம்பரம் தாண்டிட்டேன்."

"அப்ப சரியா வந்துருவ. அம்மா வரல. வாசல்லயே பாத்து அனுப்பிட்டாங்க."

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். "யாருக்கு என்னாச்சுக்கா?" என்று கேட்டாள். அப்பா என்றேன். அவள் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தாள்.

கூடுவாஞ்சேரியில் வண்டி நின்றது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். தெற்கே போகும் தீபாவளி ஸ்பெஷல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கத்துத் தண்டவாளத்தில் போயின. ஒவ்வொன்றிலும் படிக்கட்டு வரை ஆட்கள். பிறகு எங்கள் வண்டி எடுத்தது. மறைமலை நகர் வரை ஒழுங்காகப் போனது. சிங்கப்பெருமாள் கோயிலில் மறுபடி நின்றது. நான்கு மணி பத்து நிமிடம். ஐந்து நிமிடம் கழித்தும் எடுக்கவில்லை. வண்டி தாமதமாகும் என்று அறிவித்தார்கள். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.

மறுபடி போன் வாங்கி அண்ணனைக் கூப்பிட்டேன். காலேஜ் வந்துவிட்டார்கள். காகிதமெல்லாம் எழுதியாகிவிட்டது. "இருக்கச் சொல்லிக் கேட்டுக்கினேன். அந்த டாக்டரம்மா சரின்னுச்சி. ஆனா சீக்கிரம் வா பாப்பா. காலைலேர்ந்து ஐஸ் பாக்ஸ்ல வெச்சிகினு கீறோம்."

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஸ்டேஷனுக்கு வெளியே ஜிஎஸ்டி ரோடு தெரிந்தது. ஒரு பஸ் ஊர்ந்து போனது. ஊர்ந்தாலும் போகிறதே என்று நினைத்தேன். இந்த வண்டி நிற்கிறது, அது போகிறது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"நான் எறங்கி பஸ்ல போறேன்" என்றேன்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். "எறங்காதீங்கக்கா. இன்னும் ரெண்டு ஸ்டேஷன்தான். தெனமும் பாக்கறேன், இப்ப எடுத்துடுவான். ரோட்டுல இறங்கினா மாட்டிக்குவீங்க."

நான் கையை விடுவித்துக்கொண்டு இறங்கினேன்.

ரோட்டில் செங்கல்பட்டு பஸ் உடனே கிடைத்தது. கண்டக்டர் கதவோரம் இடம் கொடுத்தார். முதல் ஒரு கிலோமீட்டர் போனது. அதன் பிறகு நின்றுவிட்டது. முன்னால் கார்கள், வேன்கள், கூரை மேல் சைக்கிள் கட்டிய கார், ஆம்னி பஸ். ஹாரன் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

அந்த இடத்தில் ரயில் பாதை ரோட்டுக்குப் பக்கத்திலேயே வருகிறது. நான் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் வண்டி போனது. அவசரமில்லாமல், நல்ல வேகத்தில் போனது. லேடீஸ் பெட்டி வாசலில் நின்ற பெண்களின் புடவை காற்றில் அடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அவளைத் தேடினேன், தெரியவில்லை. கடைசிப் பெட்டி போய் வெறும் தண்டவாளம் தெரிந்தபோது என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்டக்டர், "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "என்னை எறக்கி விட்டுடுங்க" என்றேன்.

நடந்தேன். நிற்கிற வண்டிகளுக்கு நடுவே, ரோட்டோர மண்ணில் நடந்தேன். கார்களுக்குள் ஏசி போட்டுக்கொண்டு பிள்ளைகள் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். சுங்கச்சாவடி வரைக்கும் முக்கால் மணி நேரம் நடந்திருப்பேன். இடையில் ஒருவர் பைக்கில் ஏற்றிக்கொள்ள முயன்றார். அவர் பைக்கும் நகரவில்லை. சாவடி தாண்டியதும் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. ஷேர் ஆட்டோ ஒன்றில் தொற்றிக்கொண்டேன். காலேஜ் வாசலில் இறங்கியபோது ஐந்தரை.

வாசலில் இருந்து, உடல்களை வாங்கிக்கொள்ளும் அனாடமி கட்டடத்துக்கு நீளமான பாதை. ஹாஸ்டல் பிள்ளைகள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு எதிரே வந்தார்கள், ஊருக்குக் கிளம்புகிறவர்கள். அனாடமி எங்கே என்று கேட்டேன். ஒரு பையன் தன் பெட்டியை நண்பனிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்து காட்டினான்.

அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் நைனாவின் வேட்டி, சட்டை, இடுப்புக் கயிறு. என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை.

"அஞ்சே கால் வரிக்கும் வெச்சிருந்தேன் பாப்பா" என்றான். "இதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வரல. எல்லாரும் லீவுக்குப் போவணும், எனக்காக நின்னுகினு இருந்தாங்க."

பதினைந்து நிமிடம். நான் சுங்கச்சாவடியில் ஆட்டோ தேடிக்கொண்டிருந்த நேரம்.

டாக்டரம்மா வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர். அண்ணன் சொல்லியிருக்க வேண்டும், நான் யாரென்று கேட்கவில்லை. என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார்.

"உடம்பு கெடாம இருக்க ஃப்ளூயிட் ஏத்த ஆரம்பிச்சிட்டோம்மா. நிறுத்த முடியாது. நீங்க பாக்கணும்னா உள்ள கூட்டிட்டுப் போறேன், நான் வேணாம்னு சொல்லமாட்டேன். ஆனா இப்ப பாத்தீங்கன்னா அதுதான் மனசுல நிக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

நான் லேபில் வேலை செய்கிறவள். ஃபார்மலின் வாசனை அந்தப் படி வரைக்கும் வந்தது. எனக்கு அது பழக்கமான வாசனை. உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கும், குழாய் எங்கே சொருகியிருப்பார்கள், நிறம் எப்படி மாறும் எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதவளாக இருந்திருந்தால் போயிருப்பேன். அத்தனை தூரம் வந்துவிட்டு, கதவுக்கு இருபது அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, "வேணாம் மேடம்" என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்துவிட்டு உள்ளே போனார். அந்தக் கதவு சத்தமில்லாமல் மூடியது.

கூட வந்த உறவுக்காரர்கள் வேனிலேயே திரும்பிப் போயிருந்தார்கள். அண்ணனும் நானும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மாமல்லபுரம் பஸ் ஏறினோம். நான் நைனாவின் துணிக்கவரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். சட்டை துவைத்துத் தேய்த்ததாக இருந்தது. அவருடைய வாசனையே அதில் இல்லை. ரொம்ப நேரம் கழித்து அண்ணன் கேட்டான்.

"அம்மா கேட்டா இன்னா சொல்லுவ?"

"என்ன கேப்பாங்க?"

"பாத்தியான்னு."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவனே சொன்னான். "பாத்துட்டான்னு நான் சொல்லிர்றேன். நீ ஒண்ணியும் பேசாத."

அப்படியே சொன்னான். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு முதல்முறையாக அழுதாள். அதற்கு முன் அழவில்லையாம், என் வருகைக்காக வைத்திருந்தாளாம். "நீதான எழுதிக் குடுத்த" என்று என் முதுகில் அடித்தாள். பிறகு அடித்த இடத்தைத் தடவினாள். "மூணாம் நாளு பால் ஊத்த ஒரு மண்ணு இல்லியே. நான் எங்க போயி ஊத்துவேன்?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் அண்ணன் கடற்கரைக்குப் போய் அலையில் பாலை ஊற்றிவிட்டு வந்தான். அம்மா போகவில்லை. கடலுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றாள்.

தானம் கொடுத்தவர்களின் குடும்பங்களை அந்தக் கல்லூரியில் அடுத்த வருடம் ஒரு நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். அண்ணன் போய்வந்தான். பிள்ளைகள் வரிசையாக நின்று கும்பிட்டார்கள் என்றான். நான் அந்த நேரம் லீவு கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

இப்போது ஊருக்கு வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் காரில் வீட்டுக்குப் போய்விடுகிறேன். ஒவ்வொரு முறையும் வந்த முதல் நாள், சாப்பிட உட்காரும்போது, அம்மா அதையே கேட்கிறாள்.

"நீ பாக்கும்போது நைனா மொகம் நல்லா இருந்துச்சில்ல? தூங்கறாப்ல?"

"ஆமாம்மா" என்கிறேன்.

"வாயி லேசா தொறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

ஒரு முறை மூடியிருந்தது என்றேன். இன்னொரு முறை மறந்துபோய் லேசாகத் திறந்திருந்தது என்று சொல்லிவிட்டேன். அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.