சுளகில் வந்த கடல்

எழுபதுகளில் எனக்கு வானொலி நிலையத்தில் வேலை. ஒரு நாடகத்துக்குக் கடல் சத்தம் வேண்டும் என்றார்கள். தூத்துக்குடிக் கரையில் பிறந்தவன் நான். டேப் ரிக்கார்டரைத் தோள் கடுக்கச் சுமந்துபோய், அலையோரம் நின்று பதிவு செய்து வந்தேன்.

என்னோடு வேலை பார்த்தவள் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. வயல்காட்டுப் பிள்ளை, கடலில் கால் நனைத்திருப்பாளோ என்னவோ. ஸ்டூடியோவில் உட்கார்ந்தபடி, ஊரிலிருந்து கொண்டுவந்த சுளகில் நெல்லைப் போட்டு மைக் முன்னால் மெல்லச் சரித்தாள். இதுதான் கடல் என்று எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நெல்லுக்கு என்ன தெரியும் கடலைப் பற்றி?

கடைசியில் முதல் காட்சிக்கு அவள் கடல், அடுத்த காட்சிக்கு என் கடல் என்று முடிவானது. ஒலிபரப்பான அன்று வேண்டுமென்றே வீட்டில் இருந்தேன். அப்பா சங்கு குளித்தே காலத்தைக் கழித்தவர். அவர் காதில் அந்தச் சுளகு மாட்டிக்கொள்ளும் என்று காத்திருந்தேன்.

முதல் காட்சி வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "நம்ம கரைதாம்ல. அலை அமந்து கெடக்கு" என்றார்.

அடுத்து என் கடல் வந்தது. அப்பா சட்டென்று அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"ஏளா, மழை வந்துட்டு. கருவாட்டை எடுத்து உள்ள வை."

அம்மாவும் ஓடினாள்.