ஃபாரம் அக்கா

சாப்பாட்டு மேசையில் அக்காவின் கணவர் உட்கார்ந்து புதுப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருக்கிறார். எதிரே அக்கா, கையில் பென்சிலோடு, வாயைத் திறக்காமல். மூன்றாவது கேள்வியில் கணவர் மூக்கைச் சொறிகிறார். அக்கா தன் பிரதியில் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் சின்னக் கோடு ஒன்று போடுகிறார். ஆறாவது கேள்வியில் கணவரிடமிருந்து ஒரு பெருமூச்சு. பென்சில் வட்டம் போடுகிறது. "இதையேதான மேலயும் கேட்ட?" என்கிறார் கணவர். "நீங்க பேசக் கூடாது. நிரப்புங்க." பாதியில் அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டால் அந்தப் படிவத்தின் ஆயுள் அவ்வளவுதான். அக்கா அதைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவார்.

"இப்படி ஒரு சோம்பேறி புருஷன் கிடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்," என்று என்னிடம் சொன்னார். "அவரே நிரப்பிட்டார்னா ஊர்ல எவனும் நிரப்பிடுவான்." கணவர் பக்கத்தில்தான் இருந்தார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு வாரம் ஒருமுறை துணையாகப் போய் உட்கார்ந்துவிட்டு வரும் தன்னார்வலர்களின் சங்கம் அது. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள். படியேறும்போதே பஞ்சர் ஒட்டும் பசையின் வாடை கூடவே வரும். உறைகளில் முகவரி ஒட்டுவது என் வேலை. காகிதங்கள் எல்லாம் அக்காவின் பொறுப்பு: சேருகிறவர்கள் நிரப்பும் விண்ணப்பம், கையேடு, போய்விட்டு வந்ததும் எழுதித் தர வேண்டிய வருகைக் குறிப்பு, கடைசியில் நன்றிக் கடிதம் வரை. சம்பளம் கிடையாது. அவருக்குப் பெயர் என்று ஒன்று எங்கேயாவது பதிவாகியிருக்கும். கீழே சைக்கிள் கடைக்காரருக்குக்கூட அவர் ஃபாரம் அக்காதான்.

அலுவலகத்து நகல் இயந்திரம் எந்தத் தாளிலும் வலது ஓரத்தில் ஒரு கறுப்புக் கோட்டை இழுத்துவிடும். அதைச் சரிசெய்ய வந்தவர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். அக்கா அந்த ஓரத்தில் எதையும் அச்சிடுவதில்லை. "அது மெஷினோட இடம். அதுக்கும் ஏதாவது சொல்லணும்னு இருக்கும்ல," என்பார்.

ஓய்வு பெறும்வரை அவர் குடிநீர் வாரியத்தில் அறிவிப்புகள் எழுதும் பிரிவில் இருந்தார். "பராமரிப்புப் பணிகளின் நிமித்தம் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படும்" என்று மேலதிகாரி கொடுத்ததை, "நாளை காலை தண்ணீர் வராது. இன்றே பிடித்து வையுங்கள்" என்று மாற்றி அனுப்பிவிட்டார். மேலதிகாரி கூப்பிட்டு, "என்னம்மா இது, பக்கத்து வீட்டுக்காரி சொல்ற மாதிரி இருக்கு?" என்று கேட்டாராம். "ஆமா சார். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாத்தான் பக்கெட்ட எடுப்பாங்க." இந்தக் கதையை அவர் வாயால் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மேலதிகாரி இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே வருகிறார்.

சங்கத்துக்கு வந்த புதிதில் கையேட்டைப் புரட்டியவர் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். தன்னலமற்ற சேவையின் உன்னத மாண்பு பற்றி ஒரு பக்கம் முழுக்க ஓடியது. எழுதியவர் செயலாளர், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். "சார், ரொம்ப நல்லா இருக்கு," என்றார் அக்கா. "போற வீட்ல காலிங் பெல் வேலை செய்யலன்னா என்ன பண்ணணும்னு எங்க போட்டிருக்கு?" எங்கேயும் போட்டிருக்கவில்லை. கையேடு மெலிந்தது. செயலாளர் சில நாட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சமாதானத்துக்காக அவருடைய வாக்கியம் ஒன்றை மட்டும் பின்னட்டையில் போட்டு வைத்தார் அக்கா.

அடுத்து விண்ணப்பம். "சேவை செய்ய விரும்புவதற்கான காரணத்தை விரிவாக எழுதுக" என்ற கேள்விக்குக் கீழே அரைப் பக்கம் வெற்றிடம். வாங்கிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. "கல்யாணத்துக்கு வந்தவங்கள வாசல்லயே நிறுத்தி, ஏன் வந்தீங்கன்னு கேப்பமா?" என்று அதை அடித்துவிட்டு, "எந்தக் கிழமை வர முடியும்? மாடி ஏற முடியுமா?" என்று இரண்டு கேள்வி வைத்தார். ஆட்கள் வந்தார்கள்.

இந்த வெற்றிகள் அவரைக் கொஞ்சம் கெடுத்தும் விட்டன. மருந்துக்கடை அறிவிப்பு, லிஃப்டில் ஒட்டிய எச்சரிக்கை, எதையும் திருத்தாமல் அவரால் தாண்டிப் போக முடியாது. பல் மருத்துவரின் ஒப்புதல் தாளில் இரண்டு வரிகளை அடித்து, "இது தேவையில்ல டாக்டர், பயந்துதான் போவாங்க" என்று நாற்காலியில் படுத்தபடியே திருப்பிக் கொடுத்தவர் அவர். மனிதர்கள் செய்யாமல் விடும் எல்லாவற்றுக்கும் காகிதத்தில்தான் எங்கோ கோளாறு என்பது அவர் கட்சி. மகளுக்கும் மருமகனுக்கும் வீட்டு வேலையில் தகராறு என்று கேள்விப்பட்டதும் ஓர் அட்டவணை தயாரித்து அனுப்பினார். மகள் அதை நிரப்பாமல் திருப்பி அனுப்பிவிட்டாள். "கட்டம் சின்னதாப் போச்சோ," என்றார் அக்கா, மெய்யாகவே யோசித்துக்கொண்டு.

அவர் கட்சிக்கு அடி விழுந்தது டிரைவர் விஷயத்தில்.

டிரைவர் என்பவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர் வீட்டுக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்தார். கடிகாரக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் தேடித் தேடித்தான் வரும். இரவெல்லாம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். டிரைவர் வந்து உட்காரும் அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் மனைவி அடுத்த தெருவில் இருக்கும் தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போவார். "வேற எதுக்கும் இல்ல. போய்க் கட்டையச் சாய்ப்பேன். வாரத்துல நான் அசந்து தூங்கறது அப்ப மட்டுந்தான்," என்று எங்களிடம் வெட்கப்படாமல் சொன்னவர் அவர்.

டிரைவர் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. ஆனால் வருகைக் குறிப்பு மட்டும் ஒன்றுகூட எழுதித் தந்ததில்லை. குறிப்புத் தராதவர்களை மாதக் கடைசியில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது சங்கத்தில் புதிதாக வந்த விதி. அந்த விதியைச் செயலாளரோடு உட்கார்ந்து எழுதியவரே அக்காதான். காரணமும் இருந்தது. முன்பு ஒரு வயதான அம்மாவிடம் போக வேண்டியவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அந்த அம்மா வாரா வாரம் நல்ல துணி உடுத்திக்கொண்டு வாசலுக்கு நேரே உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியவே இல்லை.

"அவர் தவறாம வர்றார்னு வீட்டம்மாவே சொல்றாங்களே சார்," என்று சொல்லிப் பார்த்தார் அக்கா. "ஒருத்தருக்கு விலக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும். நீங்க எழுதின விதிதானே?" என்றார் செயலாளர். அவர் கேட்டதில் தப்பில்லை. டிரைவரை எடுத்துவிட்டால் அந்த வீட்டுக்கு அனுப்ப வேறு ஆள் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

அக்கா வேலையில் இறங்கினார். இரண்டு பக்கக் குறிப்பு ஒரு பக்கமாயிற்று, பிறகு அரைப் பக்கமாயிற்று. கடைசியில் உள்ளங்கை அளவுத் தாளில் மூன்று முகங்கள்: சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், வாடிய முகம். வீட்டுக்காரர் அன்று எப்படி இருந்தாரோ அந்த முகத்தில் ஒரு டிக் அடித்தால் போதும். கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே அதை நிரப்பி நீட்டினார். பெருமூச்சே இல்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. டிரைவர் அதையும் நிரப்பவில்லை என்று தெரிந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

டிரைவருக்கு எழுத்து வாசனை இல்லாமல் இருக்கலாம் என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம். என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார். டிரைவர் வாசலில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எழுதறது சிரமமா இருந்தாச் சொல்லுங்க. நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதிக்கறேன்."

"எனக்கு எழுதத் தெரியாதுன்னு யார் சொன்னா? வண்டி ஓட்டின காலம் பூரா டிரிப் ஷீட் எழுதினவன் நான்."

"அப்புறம் என்னண்ணே?"

"அது வண்டியப் பத்தி. இது மனுஷனப் பத்தி. அவர் வீட்ல உக்காந்து அவர் டீயக் குடிச்சிட்டு, படி இறங்கினதும் அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு எழுதிக் குடுக்கணுமா? அதுக்குப் பேரு கோள் சொல்றதுங்கம்மா."

அக்கா விடவில்லை. வாசலைப் பார்த்துக் காத்திருந்த அந்த அம்மாவின் கதையைச் சொன்னார். "யாராவது எழுதித் தந்திருந்தா, இல்ல எழுதித் தரலன்னு நாங்க கவனிச்சிருந்தா, அவங்களுக்கு அந்த நிலைமை வந்திருக்குமா? அது பரவாயில்லயா உங்களுக்கு?"

டிரைவர் துணியைப் பிழிந்தார். "இல்ல. அதுவும் தப்புதான்."

"அப்ப என்னதான் பண்றது?"

"அது எனக்குத் தெரியாதுங்கம்மா." திரும்பவும் சக்கரத்தைத் துடைக்கப் போய்விட்டார்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பேருந்து வந்து நின்றபோது, "மூணு மூஞ்சி போட்டேனே," என்றார். "அதுல எது உங்க மூஞ்சின்னு அந்தக் கடிகாரக்காரர யாருமே கேக்கல பாருங்க."

புதுப் படிவம் கணவரிடம் போகவில்லை. நேராகச் செயலாளரின் மேசைக்குப் போயிற்று. தாள் இரண்டு பாகம். மேல் பாகத்தைப் போன இடத்திலேயே, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து நிரப்ப வேண்டும். வந்தவர் வீட்டுக்காரரைப் பற்றி எழுதலாம், வீட்டுக்காரர் வந்தவரைப் பற்றி எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். அது அந்த வீட்டிலேயே இருக்கும். கீழே கிழித்துத் தர ஒரு துண்டு: தேதி, இரண்டு கையெழுத்து, "அலுவலகம் எங்களைக் கூப்பிட வேண்டுமா?" என்று ஒரே கேள்வி. அலுவலகத்துக்கு அந்தத் துண்டு மட்டும்தான் வரும்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "மேல என்ன எழுதறாங்கன்னு நாம பாக்கவே போறதில்லையா? அப்ப எதுக்கு அது?"

"அவங்க ரெண்டு பேருக்கு சார்."

"நீங்களா பேசறது? ஒரு தாளப் படிக்காம அடுக்கி வெச்சதில்லையே நீங்க." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சரி. இந்த மாசம் முடியறதுக்குள்ள அவர் கையெழுத்தோட ஒரு துண்டு வரட்டும். வரலன்னா பேரை எடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட வரக் கூடாது."

மாதத்தின் கடைசி வருகைக்கு நாங்களும் போனோம். கடிகாரக்காரரின் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. "அடுத்த மாசமும் இவர் வருவாருல்ல?" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போய்த் தூங்குங்க. சாயங்காலம் சொல்றேன்," என்றார் அக்கா. பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். அது அவருக்கு வராது.

ஜன்னல் ஓரம் வேலை மேசை. குப்பி மூடிகளில் திருகாணிகள், கண்ணில் செருகிப் பார்க்கும் லென்ஸ், எல்லாவற்றின் மேலும் மெல்லிய தூசி. டிரைவர் தாளைப் பார்த்துவிட்டு, "இதுலயும் எழுதணுமா?" என்று முகத்தைச் சுளித்தார். கடிகாரக்காரர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு இடது கையை நீட்டிப் பேனா கேட்டார்.

தாள் நழுவியது. டிரைவர் இரண்டு விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். எழுத்துகள் ஒவ்வொன்றும் பெரிதாக, கோட்டை மிதித்துக்கொண்டு வந்தன. "கோடு பத்தல, இன்னும் அகலம் வெச்சிருக்கணும்," என்று அக்கா என் காதருகே தவித்தார். எழுதி முடித்த பிறகு டிரைவர் தாளைத் திருப்பி உரக்கவே படித்தார்: "முகம் சுமார். மகளோடு சண்டை." படித்துவிட்டு நிமிர்ந்தார். "யோவ், இத நான் உங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

கடிகாரக்காரர் வார்த்தையைத் தேடினார். "மூணு... வாரமா... தெரியும்."

டிரைவர் பேனாவைப் பிடுங்கினார். "குடு இங்க. உன்னப் பத்தி நான் எழுதறேன் பாரு." கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். நிறைய எழுதினார். கடிகாரக்காரர் அதை வாங்கிப் படித்தார், படித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி படித்தார். பிறகு அவர் வாயின் ஒரு பக்கம் சிரித்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தெருவை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். டிரைவர் மடிப்பில் நகத்தால் அழுத்தி, கீழ்த் துண்டைப் பிசிறில்லாமல் கிழித்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். டிரைவர் மேல் தாளையும் அவர் முன்னால் தள்ளினார். "சரியா நிரப்பியிருக்கமான்னு நீங்களே படிச்சுப் பாத்துடுங்கம்மா. பரவாயில்ல."

அக்காவின் கை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடி வரை போயிற்று. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கி, தாளை எழுத்து உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, கடிகாரக்காரரின் இடது கைக்குக் கீழே செருகியது.