அப்பாவும் சக்கரைக்கொல்லியும்

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அவர் கேரள எல்லையோரம் குன்னத்துகால் முக்கில் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார். மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும் என்று கடைக்கு வந்த யாரோ சொல்ல, மாத்திரையை நிறுத்திவிட்டு, வேலியில் படர்ந்திருந்த சக்கரைக்கொல்லி இலையைத் தினமும் காலையில் மெல்லத் தொடங்கினார். தமிழ்நாட்டில் சிறுகுறிஞ்சான் என்பார்களே, அதுதான்.

அம்மா எல்லை தாண்டி முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போய்வந்தாள். சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி வந்தாள்.

"இல கேக்குதான்னு இதுல பாப்போம். கொறயல்லேன்னா மாத்திர திங்கணும்."

அப்பா சம்மதித்தார். எண் குறையவில்லை. முந்தின நாள் தின்ற மரச்சீனிக் கிழங்கால் என்றார். பிறகு இலை முற்றல் என்றார். கடைசியில் பழி மெஷின்மேல் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்துக்குக் கிளம்பி நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, இஞ்ச வா. சீக்கு இல்லாத ஆளுக்குக் குத்திப் பாத்தா தெரியுமே."

எனக்குப் பெருமையாக இருந்தது. விரலை நீட்டினேன். எண்ணைப் பார்த்ததும் அப்பா சிரித்தார்.

"கண்டியா, பிள்ளைக்கு என்னவிடக் கூடுதலு. மெஷினு கேடாக்கும்."

அம்மா சிரிக்கவில்லை. புது ஊசி மாற்றித் தன் விரலில் குத்திப் பார்த்தாள். அவளுக்குச் சரியாகவே இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பிள்ள எப்பளும் வெள்ளம் குடிக்கியத நீங்க காணலியா? உடுப்பெல்லாம் தொளதொளன்னு ஆயிப்போச்சே. வளருகதுல மெலியுதுன்னுல்லா நான் நெனச்சேன்."

அப்பா மறுபடி மெஷினைப் பார்த்தார். உடனே பைக்கை எடுத்தார். இருவருக்கும் நடுவில் என்னை உட்காரவைத்து நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அன்று தொடங்கிய இன்சுலின் ஊசி இன்றும் நடக்கிறது. கேட்பவர்களிடம் பழகிவிட்டது என்று சொல்கிறேன். பழகுவது வேறு, அலுக்காமல் இருப்பது வேறு.

அப்போது எனக்கு அந்த வாரப் பரீட்சைக்குப் போக வேண்டாம் என்ற சந்தோஷம்தான். ஊசி மட்டும் பிடிக்கவில்லை.

"எனக்கும் அந்த எல போதும் அப்பா," என்றேன்.

"அது ஒனக்கு வேண்டாம் மக்கா," என்றார்.

மறுநாள் ஊசியோடு வந்த நர்ஸிடம், இன்னும் எத்தனை நாள் குத்துவீர்கள் என்று மலையாளத்தில் கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என் உடுப்பை மடிக்கத் தொடங்கினாள். அப்பா எழுந்து வெளியே போனார், நெடுநேரம் திரும்பவில்லை. எனக்குத் தின்ன ஏதோ வாங்கப் போயிருக்கிறார் என்று நினைத்து, வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.