கடைசி இலக்கம் ஏழு

வண்டியை விற்பது என்று முடிவெடுத்தது நான்தான். என் மனைவியின் தம்பி, என் மச்சான், போன மாரியில் செத்துப்போனான். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வட்டைக்குள்ளால் போகும் ரோட்டில், இருட்டுப்படும் மைம்மல் நேரம், மாடு குறுக்கே வந்தது. அவனுடைய மோட்டார் சைக்கிளும் என்னுடையதும் ஒரே கறுப்பு, ஒரே நாளில் ஒரே கடையில் எடுத்தவை. சத்தமும் ஒன்றுதான். நான் வேலை முடிந்து வாசலுக்கு வந்தால் மனைவி தம்பி என்று நினைத்து எழுந்து வருவாள். என்னைக் கண்டதும் திரும்பிப் போவாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. உயிரோடு வீட்டுக்கு வருகிறவனைப் பார்த்து முகம் வாடினால் கோபம் வராதா? பிறகு அந்தக் கோபமும் விட்டுப்போனது. செத்த வீட்டிலேயே நான் அழவில்லை. வந்தவர்கள் உட்காரக் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

வாங்க வந்தவர் வாழைச்சேனைக்காரர். கூடவே ஒரு மெக்கானிக்கையும் கூட்டி வந்தார்.

“செசி நம்பர் எங்க?” என்றார் மெக்கானிக்.

“பதிவுப் புத்தகத்தில இருக்கு.”

“புத்தகத்தில இருக்கிறது எனக்கும் தெரியும். வண்டியில எங்க வெட்டியிருக்கு?”

பத்து வருடம் ஓடியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அவர் ஹேண்டிலை முழுக்க ஒரு பக்கம் திருப்பி, அதன் கீழே கழுத்துக் குழாயைக் காட்டினார். வாவிக் காற்றில் துருப்பிடித்து, அதன்மேல் அழுக்கும் கிறீஸும் படிந்திருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். மெல்லிய தாளை அழுத்திப் பிடித்து மேலே பென்சிலைத் தேய்க்க, எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

“முன்னுக்கு நாடும் கொம்பனியும். நடுவில மொடல், வருசம். கடைசியில வரிசை நம்பர். எங்கட அடையாள அட்டை மாதிரித்தான், ரெண்டு பேருக்கு ஒண்டு வராது” என்றார்.

புத்தகத்தோடு பிடித்துப் பார்த்தோம். பதினாறு சரி. கடைசி இலக்கம் புத்தகத்தில் ஆறு, வண்டியில் ஏழு.

வாழைச்சேனைக்காரர் என்னைக் களவாணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “பிறகு கதைப்பம்” என்று எழும்பிவிட்டார். பிறகு கதைப்பது எந்தக் காலத்தில் என்று எனக்குத் தெரியாதா?

மெக்கானிக் மட்டும் நின்றார். “இத ஆரும் மாத்தி வெட்டல்ல, கொம்பனி அச்சுத்தான். இதுக்கு முந்திச் செஞ்ச வண்டி, ஆறு, அது ஆரிட்ட இருக்கு?”

அப்போதுதான் வண்டிப் பூசை ஞாபகம் வந்தது. நம்பர் பிளேட் வந்த பிறகும் பிள்ளையாருக்குக் காட்டாமல் வண்டியில் பூட்டக்கூடாது என்று மாமி சொல்லிவிட்டா. இரண்டு வண்டியையும் கோயில் வாசலில் நிறுத்தி, சாவிகளைத் தட்டில் வைத்தோம். ஐயர் தீபம் காட்டிவிட்டு, கையில் வந்த சாவியை எனக்குத் தந்தார், மற்றதை மச்சானுக்கு. சாமி தட்டிலிருந்து வந்த சாவியை யார் சரிபிழை பார்ப்பார்? எந்தச் சாவி எந்த வண்டியைத் திறந்ததோ, அதில் அவனவன் பிளேட்டை அந்த இடத்திலேயே பூட்டினோம். தேங்காய் உடைத்து, வண்டிச் சில்லைத் தேசிக்காயில் ஏற்றி நசுக்கி, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

ஆறு என்னுடையது. மாட்டில் மோதி நசுங்கிப் பழைய இரும்புக்காரனின் லொறியில் போனதும் என்னுடையது. மெக்கானிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப இது செத்தவர்ர வண்டி. அவர்ர வீட்டுக்காரி கையெழுத்து வெச்சாத்தான் மற்ற அலுவல் தொடங்கலாம்” என்றார் மெக்கானிக்.

மனைவிக்குச் சொல்லவில்லை. கையெழுத்துக்குரிய கடிதத்தை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மண்முனைப் பாலத்தால் மச்சான் வீட்டுக்குப் போனேன். அவன் விழுந்த இடத்தை அவனுடைய வண்டியிலேயே தாண்டினேன். பயமாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

மச்சானின் மனைவி பெட்டியைத் திறந்து அவனுடைய புத்தகத்தை எடுத்துத் தந்தாள். கடைசி இலக்கம் ஏழு. பென்சில் தேய்த்த தாளைப் பக்கத்தில் வைத்து, கோயில் தட்டில் சாவி மாறியதைச் சொன்னேன்.

“அப்ப அண்டைக்கு அவர் போனது உங்கட வண்டியில.”

“ஓம் தங்கச்சி.”

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது. முற்றத்துக்கு இறங்கிப் போய் சீற்றில் கையை வைத்தாள். ஹேண்டிலைத் தொட்டாள். அவன் பிடித்த பிடி அங்கே இல்லை, பத்து வருடமும் நான் பிடித்துத் தேய்ந்த றப்பர்தான் இருந்தது.

“அவர்ர பேரில மிஞ்சினது இது ஒண்டுதான்” என்றாள். “இதில அவர் ஒரு நாளும் ஏறல்லியே அண்ணா. இதில நான் எதத் தேடுற?”

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டாள். நான் இடத்தைக் காட்டினேன்.